புல்லரிப்பின் கைவேலை

பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதம் பார்க்கிறவர்கள் ஆடுபவரின் கண்ணைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள். எனக்கு என் முன்கையைப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அபிநயம் பிடித்துவிட்டால் அங்கே முடி குத்திட்டு நிற்கும். கிள்ளானில் உறுமி மேளம் முழங்கினாலும் அப்படித்தான். (கோலாலம்பூர் அரங்குகளின் ஏர்கோனும் இதே வேலையைச் செய்யும், அந்தச் சந்தேகம் இருக்கட்டும்.)

நாட்டிய சாஸ்திரத்தின் எட்டு சாத்விக பாவங்களில் ரோமாஞ்சம், அதாவது புல்லரிப்பு, ஒன்று. கைகால் தசைகள் அடவு பழகப் பழகச் சொன்னபடி கேட்கும். முடியை நிமிர்த்தும் தசையோ மென்தசை. எந்தக் குருவுக்கும் அடங்காது. அது கருவில் உருவாகும் நேர்த்தியைப் படித்தபோது சொக்கிப்போனேன்.

மயிர்க்காலின் ஒரு பக்கத்தில் சிறு புடைப்பு இருக்கிறது. முடியைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் குருத்துச் செல்களின் குடியிருப்பு அது. அந்தச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள மெல்லிய படலத்தில் நெஃப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பூசிவைக்கின்றன. பக்கத்தில், இன்னும் என்னவாவது என்று முடிவாகாத தோல் செல்கள். அவற்றின் மேற்பரப்பில் உள்ள இன்டக்ரின் என்ற ஏற்பி அந்தப் பூச்சைப் பற்றிக்கொண்டதும், அவை தசைக்குரிய ஆக்டினைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. தசை பிறப்பதும், அது முடியோடு ஒட்டவேண்டிய இடம் குறிக்கப்படுவதும் ஒரே பூச்சில்! 2011-இல் ஹிரோனோபு ஃபுஜிவாரா, ஃபியோனா வாட் குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள். நெஃப்ரோநெக்டின் இல்லாத எலிகளில் தசை புடைப்பைத் தவறவிட்டு அதற்கு மேலே போய் ஒட்டியது.

செல்லுக்குள் நடப்பது வேறு கச்சேரி. எஸ்ஆர்எஃப் என்ற புரதம் டிஎன்ஏவில் பத்தெழுத்துக் குறி ஒன்றின்மேல் அமர்கிறது. கூடச் சேர்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2001-இல் எரிக் ஓல்சன் ஆய்வகம் கண்டுபிடித்த மையோகார்டின் சேர்ந்தால் மென்தசை மரபணுக்கள் விழிக்கும். அந்த இடத்தை எல்க்-1 என்ற இன்னொரு புரதம் பிடித்துக்கொண்டால், நட்டுவனார் மாறிய மேடைபோல, செல் தசைவேலையை விட்டுவிட்டுப் பெருகக் கிளம்பிவிடும். மையோகார்டின் இல்லாத எலிக்கரு இரத்தக்குழாய்ச் சுவரில் தசை இல்லாமல் பத்தரை நாளையொட்டி இறந்துபோகிறது.

புகழெல்லாம் மையோகார்டினுக்கு. நான் நெஃப்ரோநெக்டின் கட்சி: முடியை நிமிர்த்தும் தசைக்கு இடம் குறிப்பது அதுதானே. உடம்பில் ரோமம் குறைந்துபோன மனிதனுக்குப் புல்லரிப்பால் குளிர் தணியாது, அந்தத் தசை வெறும் மிச்சம் என்பார்கள். ஆனால் எலிகளில் அந்தத் தசையை நீக்கிப் பார்த்த ஆய்வு 2020-இல் ஹார்வர்டிலிருந்து வந்தது: குருத்துச் செல்களைத் தொட்டிருந்த நரம்பு விலகிப்போனது, புது முடி முளைப்பது தாமதமானது.