குன்றின்மேல் ஓர் ஊடல்: சிராப்பள்ளிக் குடைவரைச் சிற்பமும் செய்யுளும்

தஞ்சையைச் சூழ்ந்த காவிரிக் கழிமுகநாடு வண்டல் படிந்த வயல்நிலம். குடைதற்குரிய பாறை ஆண்டு இல்லை. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற இராசராசேச்சுரத்திற்கும் கல் வெளியிடத்திலிருந்தே வந்தது. ஆதலின், இந்நாட்டோர் குடைவரை காண விழையின், வயல்வெளி விரியத் தொடங்கும் மேற்றிசையில் நிற்கும் சிராப்பள்ளிக் குன்றையே நாடுதல் வேண்டும். அக்குன்றின் மேற்குடைவரை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தே முதலாம் மகேந்திரவர்மன் அகழ்வித்தது. ஆண்டுள்ள கங்காதரர் சிற்பத்தையும், அதன் இருமருங்கும் அரைத்தூண்களிற் கிரந்த எழுத்தாற் பொறிக்கப்பெற்ற வடமொழிச் செய்யுட்களையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இச்செய்யுட்கள் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதியில் வெளிவந்தன. அவற்றுள், குணபரன் என்னும் வேந்தன் இலிங்கத்தை வழிபடுவோன் என்றும், மாறுபட்ட நெறியினின்று மீண்ட அறிவு உலகிற் பரவுக என்றும் கூறும் ஒன்றே பெரிதும் எடுத்தாளப்பட்டது. மகேந்திரன் சமணம் விடுத்துச் சைவம் புக்கமைக்கு அதனைச் சான்றாகக் கொண்டோர் உளர். அஃது அளவை நூற்சொற்களை வைத்துச் செய்த சிலேடை என்போரும் உளர். இவ்வாராய்ச்சி வரலாற்றுக்கு வேண்டுவதே. ஆயின் அதனால் ஒரு குறை நேர்ந்தது. செய்யுளைச் சான்றாகக் கண்டோமேயன்றிச் செய்யுளாகக் கண்டிலேம்.

சிற்பத்தை முதற்கண் நோக்குவாம். இறைவன் நின்ற கோலத்தன். ஒரு கை சடையை ஏந்த, மேலிருந்து சிற்றுருவாய்க் கங்கை இறங்குகின்றாள். காலடியிற் பூதம், சூழ அடியார், மேலே விண்ணோர். உமை இல்லை, காவிரியும் இல்லை. குடைவரை தெற்கு நோக்கியது. காவிரியோ குன்றின் வடபால் ஓடுவது. எனவே உள்ளே நிற்பார்க்கு ஆறு புலனாவதன்று. கருவறை மேற்கு நோக்கியிருத்தலின், அதற்கு எதிரே அமைந்தது இச்சிற்பமே.

சிற்பத்தில் இல்லாத இருவரையும் செய்யுள் கொணர்கின்றது. ஆறுகளை விரும்பும் சிவன், சோலைமாலை சூடிய காவிரியைக் கண்டு அவள்பாற் காதல் கொள்வனோ என மலைமகள் அஞ்சுகின்றாள். தந்தையின் மனையை நீத்து இக்குன்றிலேயே தங்குகின்றாள். அவ்வாறு பல்லவனுக்கு உரியவள் எனவும் சொல்லிவைக்கின்றாள். பிறன் மனைவியை நோக்கற்க என்பது அவள் கூற்றின் குறிப்பு. சடையில் ஒருத்தி முன்னரே இருத்தலைச் சிற்பத்திற் கண்டவரே, மற்றொருத்தியைப் பற்றிய அவ்வச்சத்தின் நியாயத்தை உணர்வர். ஆகவே, கல்லும் சொல்லும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன என்க.

மருதத்திற்கு உரிப்பொருள் ஊடல் என்பது தமிழ் மரபு. வயலும் ஆறும் சூழ்ந்த நிலத்தின் தலைவாயிலில் ஊடலுக்கு வித்தாகிய அச்சமே பாடப்பெற்றமை நோக்கத்தக்கது. இதனொடு சிலப்பதிகாரக் கானல்வரியை ஒப்புநோக்குக. ஆண்டுக் கோவலன் பாட்டிற் காவிரி சோழன் மனைவி. அவன் கங்கையைக் கூடினும் அவள் புலவாள். புலவாமையைப் பாடிய அப்பாட்டே மாதவியின் ஐயத்திற்கும் பிரிவுக்கும் ஏதுவாயிற்று. சிராப்பள்ளியிலோ நிலைமை தலைமாறுகின்றது: கங்கை முன்னரே சடையேறியவள், காவிரி வரக்கூடிய மாற்றாள், புலக்க நேர்பவள் உமை. எல்லாவற்றினும் பெரிய மாற்றம் காவிரியின் கொழுநன் மாறியமையாம்.

வடமொழிக் காவியங்களிலும் உமைக்குக் கங்கை மாற்றாளாகப் பேசப்படுகின்றாளே எனின், மெய்யே. சிலம்பின் காலம் பற்றியும் கருத்து ஒருப்படவில்லை. ஆதலின், கல்வெட்டுப் புலவன் தமிழிலிருந்து கடன் கொண்டான் என யாம் கூறேம். யாம் கூறுவது இவ்வளவே: காவிரியை வேந்தன் துணைவியாகக் கூறுங்கால், அது சோழர்க்குரிய உரிமையைத் தொடும் என்பதனை இந்நிலத்தார் அறிவர், பல்லவன் புலவனும் அறிந்தே கூறினான் எனக் கோடல் பொருந்தும். அக்கல்வெட்டே குன்றினைச் சோழநாட்டின் முடி என்கின்றது. மண்ணுலகக் கோயிலில் இருந்து சோழரின் பெருவளத்தையும் காவிரியையும் யாங்ஙனம் காண்பேன் என இறைவன் வினவ, வேந்தன் இம்மலைக் கோயிலை அளித்தான் என்றும் கூறுகின்றது. நாடு சோழர் பெயரால் நிற்க, ஆறு மட்டும் பல்லவனுக்கு உரியதாகின்றது. போரால் எய்திய உரிமையை உமையின் வாய்மொழியாற் சொல்வித்தமையே இச்செய்யுளின் நுட்பம்.

வடமொழிக் கல்வெட்டைக் கல்வெட்டாய்வார்க்கும், சிற்பத்தைக் கலையாய்வார்க்கும் விட்டொழித்துத் தமிழ்த்துறையார் அமைதல் தகாது. மொழி பிறிதாயினும், அச்செய்யுள் பேசும் ஆறு நம் ஆறு. அதன் பொருள் நம் மாணவர் நாள்தோறும் பயிலும் பொருள். படியேறிச் செல்வோர் சிற்பத்தை மட்டும் கண்டு மீளாது, அதன் மருங்கே அரைத்தூணில் உள்ள எழுத்தின்முன்னும் சிறிது நிற்பாராக.