3056-க்குப் பக்கத்தில் எழுத வேண்டியது

2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் குகேஷின் பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங் 3056. அப்போ அவர் 3000 பலம் உள்ளவரா? இல்லை. அந்தப் பத்து ஆட்டத்துக்கு மட்டுமான கணக்கு அது.

கணக்கு எளிது. 10-க்கு 9 புள்ளி, அதாவது 90 சதவீதம். ஃபிடே அட்டவணையில் அதற்கு 366. எதிராளிகளின் சராசரி 2690-ஐக் கூட்டினால் 3056. குறுக்கு வழியும் உண்டு: வெற்றியில் தோல்வியைக் கழித்து, ஆட்டங்களால் வகுத்து, 400-ஆல் பெருக்கணும். 8 வெற்றி, 2 டிரா. 320 வரும், விடை 3010. அதே ஆட்டங்கள், 46 புள்ளி வித்தியாசம்!

என் குறை வேற. எத்தனை ஆட்டம்னு இது பார்ப்பதே இல்லை. புதுக்கோட்டையில் ஒரு பிள்ளை சராசரி 1500 உள்ள மூணு பேரை ஜெயிச்சதா வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்குச் சூத்திரத்தில் விடையே கிடையாது, முடிவிலிக்குப் போயிடும். அதனால் அட்டவணை 800-இல் வேலி போடுகிறது: 2300. பதினொரு பேரை ஜெயிச்சாலும் அதே 2300!

இதற்கு மருந்து ஃபிடேயிடமே இருக்கு. 2024 மார்ச் முதல், புதியவரின் முதல் ரேட்டிங்கில் 1800 உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்க்கிறார்கள். அதே முறையை இங்கே போட்டால் மூணு வெற்றிக்கு 1860, பதினொன்றுக்கு 1947. இதுதான் நியாயம்.

செஸ் நிரல்களின் 3600 வேறு கதை. அவை தங்களுக்குள் மோதி வாங்கிய எண். மனிதர் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது.

பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங் போடுறவங்க, எத்தனை ஆட்டம்னும் பக்கத்திலேயே போடுங்க. மூணு ஆட்டத்து 2300-ஐ நம்பி ஒரு பிள்ளைமேல் பாரம் ஏற்ற வேண்டாம்.