காடு காத்ததா, மேடு காத்ததா?

புவியியல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? நாடுகளும் தலைநகரங்களும், ஆறுகளின் நீளம், எந்த ஊரில் என்ன விளைகிறது என்னும் பட்டியல், தேர்வுக்கு முந்தின இரவில் வண்ணம் தீட்டிய தேசப்படம். பலருக்கு இவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளியில் இப்பாடம் பெரும்பாலும் கலைப் பிரிவு மாணவர்க்கு உரியது. அதையே கல்லூரியில் படித்தால் பல இடங்களில் பி.எஸ்ஸி. பட்டம் தருகிறார்கள். தான் கலையா, அறிவியலா என்று பாடத்துக்கே ஐயம் இருப்பதுபோல் தோன்றுகிறது அல்லவா?

இரண்டும் சேர்ந்தால்தான் அது புவியியல் என்பது என் கருத்து. இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்து, அதன் நிறைகுறைகளை எடை போட்டுப் பார்ப்போம்.

பதினெட்டுக் குப்பங்கள்

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை பிளந்து எழுந்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அது நம் கரையைத் தொட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போன்ற ஊர்கள் பேரிழப்புக்கு ஆளாயின. ஆனால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டின் பின்னால் இருந்த சில ஊர்கள் தப்பின. ‘சுரபுன்னைக் காடு காப்பாற்றியது’ என்ற பேச்சு நாடெங்கும் பரவியது.

பேச்சோடு விடாமல் அளந்து பார்க்க முனைந்தார்கள் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் ஆராய்ந்த ராஜேந்திரனும். கரையோரத்தில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு பொருள் அழிந்தது, குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், முன்னே எவ்வளவு பரப்பில் மரங்கள் இருந்தன என்று குறித்தார்கள். மரப்பரப்பு கூடக் கூட இழப்புக் குறைந்தது. தொலைவும் உயரமும் கூடினாலும் இழப்புக் குறைந்தது. இது 2005இல் வெளியாயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சனும் பிறரும் இதே மாவட்டக் கரையைப் பற்றி எழுதினார்கள். காட்டுப் பகுதியிலுள்ள ஐந்து ஊர்களில், கரைமேல் இருந்த இரண்டு முற்றும் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றுக்குச் சேதமில்லை என்றார்கள்.

முதலில் பாராட்டுவோம். துயரம் ஆறுவதற்குள் ஊர் ஊராகச் சென்று அளப்பது எளிய செயலன்று. அந்த அளவுகள் இல்லாவிட்டால் பின்னால் எழுந்த விவாதமே இல்லை.

குடையும் திண்ணையும்

இனி, குறையைப் பார்ப்போம். மழை பெய்கிறது. நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு திண்ணையில் நிற்கிறார்கள். நாலு பேர் குடையில்லாமல் தெருவில் நிற்கிறார்கள். தெருவில் நின்றவர்கள் நனைந்தார்கள். குடை காத்தது என்பீர்களா, திண்ணைக் கூரை காத்தது என்பீர்களா?

பிச்சாவரத்திலும் இதுதான் சிக்கல். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் சற்று மேட்டிலும் இருக்கிறது. 2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பதினெட்டுக் குப்பங்களின் எண்களையே எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். குப்பத்துக்குக் குப்பம் இறப்பு வேறுபட்டதில் ஏறக்குறைய 87 விழுக்காட்டைத் தொலைவும் உயரமுமே விளக்கிவிட்டன. மரப்பரப்பைச் சேர்த்தபோது 1 விழுக்காடுகூடக் கூடவில்லை. மூல ஆசிரியர்கள் மறுமொழி எழுதினார்கள். வேறு சிலரும் கலந்துகொண்டார்கள்.

என் பார்வையில் மூல ஆராய்ச்சியின் பெரிய குறை அதன் தலைப்பில் இருக்கிறது. உள்ளே மூன்று காரணங்கள் பேசப்படுகின்றன. கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், அடர்ந்த காட்டுக்குப் பின்னால் குடியேறுங்கள் என்ற நல்ல அறிவுரையும் இருக்கிறது. தலைப்போ காட்டுக்கு மட்டும் மாலை சூட்டியது. உலகம் தலைப்பை மட்டும் படித்தது.

மறுத்தவரின் குறை

அப்படியானால் காடு பயனற்றதா? அவசரப்படாதீர்கள். மறுத்தவர்களின் கணக்கையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஊருக்கும் கடலுக்கும் நடுவே காடு இருந்தால், காட்டின் அகலமே தொலைவில் ஒரு பகுதி. முதலில் தொலைவுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் காட்டுக்குக் கொடுத்தால், காட்டின் பங்கு சிறுத்துத்தான் போகும். ஒரே தொலைவு, ஒரே உயரம், ஒன்றின் முன்னே காடு, மற்றொன்றின் முன்னே வெறும் மணல் என்று இருக்கும் ஊர்கள் பல கிடைத்தால் பிரித்துச் சொல்லலாம். பதினெட்டில் அத்தனை இணைகள் கிடைப்பது அரிது.

இன்னொன்று. சதுப்புநிலக் காடு கண்ட இடத்தில் வளர்வதில்லை; மணல்திட்டுக்குப் பின்னால், அலை அடங்கிய உப்பங்கழியில்தான் வளர்கிறது. வரும் நீரைக் கால்வாய்கள் பிரித்துக்கொள்கின்றன. எனவே, காடு காத்தது என்று நாம் எண்ணுவதில் நிலத்தின் அமைப்பு காத்ததும் கலந்திருக்கும்.

நல்ல ஒப்பீட்டுக்கு ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் வீசிய பெரும் புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில் நிகழ்ந்த உயிரிழப்பைச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் நூற்றுக்கணக்கான ஊர்களின் விவரங்களைக் கொண்டு ஆராய்ந்து, 2009இல் வெளியிட்டார்கள். தொலைவு முதலிய பிற காரணங்களைக் கழித்த பின்பும், அகன்ற காடு இருந்த ஊர்களில் சாவு குறைவு. ஆனால், காட்டைவிட அரசின் முன்னெச்சரிக்கையே அதிக உயிர்களைக் காத்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

புயலுக்குச் சொன்னதைச் சுனாமிக்கும் சொல்லிவிடலாமா? கூடாது. காற்று எழுப்பும் அலை சில விநாடிகளில் வந்து போகிறது. வேரும் தண்டும் அதன் வலிமையைக் குறைக்கும். சுனாமியோ ஓர் அலை வந்து மறு அலை வரப் பல நிமிடங்களாகும். அதுவரை கடலே ஏறி உள்ளே வருவதுபோல் நீர் வந்துகொண்டே இருக்கும்.

தில்லையும் திட்டும்

இந்த ஒரு கேள்விக்கு இதுவரை எத்தனை துறைகள் தேவைப்பட்டன, எண்ணிப் பாருங்கள்: அலைக்கு இயற்பியல், மரத்துக்குத் தாவரவியல், கலந்து கிடக்கும் காரணங்களைப் பிரிக்கப் புள்ளியியல். தமிழும் தேவைதான். தில்லை என்பது சிதம்பரத்தின் பழம்பெயர். கண்ணில் பட்டால் தீங்கு செய்யும் பால் கொண்ட தில்லை மரம், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளிப் பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கிறது. உப்பங்கழி ஒரு காலத்தில் நகரத்தை நெருங்கி இருந்ததா? பெயர் கேள்வியை எழுப்புகிறது. மண்ணைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். திட்டு, மேடு என்று முடியும் ஊர்ப்பெயர்களும் நிலத்தின் உயரத்தைச் சொல்லும் குறிப்புகளே. அவற்றையும் கண்ணை மூடி நம்ப வேண்டா. கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டு, கழியைப் பார்க்கத் திட்டு. கடலைப் பார்க்கப் பள்ளம். அது சுனாமியில் அழிந்தது.

தமிழ், இசை, வேளாண்மை, பொறியியல், கடல் உயிரியல் என எல்லாம் ஒரே பெயரின் கீழ் உள்ள பல்கலைக்கழகம் 1929இலிருந்து சிதம்பரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடம்தான் புவியியல் கண்ணோட்டத்துக்கு ஏற்ற மண். ஆனால், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவன் தன் துறைக் கட்டடத்தில் நுழைந்து, தேர்வு எழுதி, அதே வாசலால் வெளியே போய்விடுகிறான். பக்கத்துக் கட்டடத்தில் தன் கேள்விக்குப் பாதி விடை இருப்பதை அறியாமலே போகிறான். குறை மாணவனிடம் மட்டுமில்லை; ஆறுகளின் நீளத்தைக் கேட்கும் வினாத்தாளிடமும் இருக்கிறது.

வீடு எங்கே கட்டுவது?

இது ஏட்டுச் சண்டையன்று. காடே அரண் என்று நம்பினால், கரையில் சவுக்கு நட்டுவிட்டு அதன் பின்னாலேயே குழந்தைகளைத் தூங்க வைப்போம். தொலைவே அரண் என்று மட்டும் நம்பினால், மீனவரை ஊருக்குள் தள்ளிவிட்டு, காட்டை அழித்தாலும் கவலைப்படமாட்டோம். சுனாமிக்குப் பின், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால்தான் புதிய வீடுகள் என்ற விதி தமிழ்நாட்டில் வந்தது. மீனவர் பலர் தயங்கினார்கள். படகும் வலையும் கண்ணில் பட வேண்டும். விடியுமுன் கடலின் நிறமும் நீரோட்டமும் பார்க்க வேண்டும். இந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளுபவர் தொலைவை மட்டுமே அளக்கத் தெரிந்தவர். பிழைப்பை அளக்கத் தெரியாதவர்.

என் முடிவு இது: காட்டை அதற்காகவே காப்போம். மீனுக்கும் இறாலுக்கும் அது நாற்றங்கால், புயலுக்குத் தடுப்பு. சுனாமிக்கு மேடும் தொலைவும் முன்னெச்சரிக்கையும் முதலில் வரட்டும். காடு அவற்றுக்குத் துணையாக நிற்கட்டும்.

அடுத்த முறை பிச்சாவரம் சென்றால், படகில் ஏறுமுன் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். காட்டின் அகலம் என்ன, உங்கள் கால் நிற்கும் மண் கடலைவிட எவ்வளவு உயரம், உங்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த ஏடுதான் உங்கள் முதல் புவியியல் பாடநூல்.