சுற்றிவருதலும் சென்று தங்குதலும்: இலங்கையிலும் இந்தியாவிலும் தேனிலவுப் பயணம்

மணமக்கள் இருவரும் உறவினர் சூழலிலிருந்து சில நாட்கள் விலகி வெளியூர் சென்று தங்கிவரும் தேனிலவு, இலங்கைத் தமிழரிடத்தும் தமிழகத்தாரிடத்தும் பழைய சடங்கு வரிசையில் இடம்பெற்ற ஒன்றன்று. யாழ்ப்பாணத்தில் திருமணத்தைத் தொடர்ந்து நாலாம் சடங்கும், உறவினர் வீடுதோறும் மணமக்களை அழைத்து அளிக்கும் விருந்தும் இருந்தன. தமிழகத்தில் மறுவீடும், குலதெய்வ வழிபாடும், பெண் வீட்டில் கொண்டாடும் தலைதீபாவளியும் இருந்தன. இவற்றின் இடையே தேனிலவு பின்னர் புகுந்தது; புகுந்தபின் இரு நாடுகளிலும் அது ஒரே வடிவத்தைக் கொள்ளவில்லை. இலங்கைச் சிங்களவரிடையே அது, மணமகன் வீட்டார் மணமக்களை வரவேற்று நடத்தும் ‘ஹோம்கமிங்’ விருந்துக்கு முந்திய சில நாட்களாகத் திருமணச் சடங்கோடேயே பிணைந்துவிட்டது. மணமக்கள் நுவரெலியாவிலோ பெந்தோட்டைக் கடற்கரையிலோ தங்கிவிட்டு அவ்விருந்து நாளுக்குத் திரும்பும் அவ்வொழுங்கு, கொழும்புத் தமிழர் சிலரிடமும் இன்று காணப்படுகிறது.

இவ்வொப்பீட்டுக்குக் காரணமாக அமைவது, தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்து திரும்பும் புதுமணத் தம்பதியரிடையே அடிக்கடி கேட்கப்படும் ஒரு கருத்தாகும். நுவரெலியா ஊட்டியின் சிறு பதிப்பு என்றும், இலங்கையை நான்கு நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்றும் அவர்கள் சொல்வதுண்டு. உயரத்தால் அளந்தால் முதற்கூற்றை மறுப்பதற்கில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில் இருக்க, நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. ஆயினும் அக்கருத்தைச் சொல்வோர் பெரும்பாலும் நான்கு இரவும் ஐந்து பகலும் கொண்ட ஏற்பாட்டில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை ஆகிய நான்கு ஊர்களை மட்டும் தொட்டுச் செல்பவர்கள் என்பதும், ஊர்களுக்கு இடைப்பட்ட வழியில் அவர்கள் வாகனத்தை நிறுத்துவதே அரிது என்பதும் கவனிக்கத்தக்கவை. இலங்கைத் தேனிலவின் உயிர் அந்த வழியிலேயே இருக்கிறது.

வேறுபாட்டின் வேர் நிலப்பரப்பில் உள்ளது. இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை சுமார் 435 கிலோமீற்றரும், அகன்ற இடத்தில் சுமார் 225 கிலோமீற்றரும் கொண்ட இத்தீவில், மலையும் காடும் கடலும் ஒரே பயணத்துக்குள் அடங்கிவிடுவதால், ஓரிடத்தில் சென்று தங்குவதைவிடத் தீவைச் சுற்றிவருவதே இயல்பான பயண முறையாயிற்று. சென்னையிலிருந்து ஊட்டிக்கு 550 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் இருப்பதால், தமிழகத் தம்பதியர் இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து மலை ரயிலிலோ காரிலோ ஏறி, ஒரு விடுதியில் மூன்று நான்கு நாட்கள் தங்கி, அதே வழியில் இறங்குகிறார்கள். கொடைக்கானலும் மூணாறும் இம்முறைக்கு உட்பட்டவையே. மணாலிக்கும் காஷ்மீருக்கும் செல்வோர் விமானத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே பயணம் என்பது சேரிடத்துக்கு முந்திய பகுதி. இங்கே பயணமே தேனிலவு.

பயன்படும் சொற்களிலும் இது தெரிகிறது. தமிழகத்தில் வழங்கும் ‘ஹனிமூன் பேக்கேஜ்’ என்பது தங்குமிடம், மலர் அலங்காரம் செய்த அறை, மெழுகுவர்த்தி ஒளியில் ஓர் இரவு உணவு, உள்ளூர் சுற்றிப்பார்த்தல் ஆகியவற்றை ஒரே விலையில் சேர்த்துத் தருவது. அந்தச் சுற்றிப்பார்த்தலும் ‘பாயிண்ட்’ என்னும் அலகால் எண்ணப்பட்டு, இத்தனை இடங்களுக்கு இவ்வளவு என்று வாடகைக் கார்களுக்குக் கட்டணம் வகுக்கப்பட்டிருக்கிறது. இலங்கைத் தமிழரோ ‘ஹயர்’ என்ற சொல்லையே பெரிதும் ஆள்கின்றனர். ஓட்டுநரோடு ஒரு வாகனத்தை நாட்கணக்கில் வாடகைக்கு அமர்த்துவதைக் குறிக்கும் இச்சொல்லில், எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பவை பயணிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. ஓட்டுநரின் நாட்படியைத் தமிழகத்தார் ‘பேட்டா’ என்பர். இலங்கையில் அதுவே ‘பட்டா’ எனப்படும். சுற்றுலா விடுதிகள் ஓட்டுநருக்கெனத் தனி அறையும் உணவும் வைத்திருப்பது இலங்கையில் நெடுநாள் வழக்கமாக இருந்து வருகிறது.

சொந்த வாகனத்தில் தேனிலவு செல்வோர் இலங்கையில் குறைவாக இருப்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. வரிச்சுமையால் கார் விலை எப்போதும் உயர்ந்திருந்த நாட்டில், 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார் இறக்குமதி திறக்கப்படாதிருந்தமையால், பழைய கார்களும் எட்டாத விலைக்குச் சென்றன. உறவினர் ஒருவரின் காரோ, ஊரில் ஹயர் ஓடும் ஒருவரின் வானோதான் பெரும்பாலான மணமக்களுக்கு வாய்ப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர் சிங்களம் பேசத் தெரிந்த ஓட்டுநரைத் தேடிக்கொள்வதும் வழக்கம். காலியிலும் தங்காலையிலும் கடைக்காரரோடு பேசுவதற்கு அது உதவுகிறது. தமிழகத் தம்பதியர் மணாலியில் இந்திக்குத் தடுமாறுவதும் இதற்கு நிகரானதே எனலாம். ஆனால் இலங்கைத் தமிழ்த் தம்பதியர் மொழி அறியாது நிற்பது தம் சொந்தத் தீவினுள் என்பதால் அதன் கனம் வேறு.

வடபுலத்தாரின் பயணம் ஏ9 வீதியில் தொடங்குகிறது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான இவ்வீதி, போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடப்பட்டு, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கு முழுமையாகக் கிடைத்தது. அக்காலத்தில் மணமுடித்த வடக்குத் தம்பதியருக்கு நுவரெலியாவோ எல்லவோ எட்டும் இடமாக இருக்கவில்லை. பாஸ் பெற்றுக் கப்பலிலோ விமானத்திலோ தெற்குக்குச் செல்ல முடிந்தவர்களும் அதைத் தேனிலவுக்காகச் செய்யவில்லை. இன்று முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுச் செல்லும் புதுமணத் தம்பதியர், தம் பெற்றோருக்குக் கிடைக்காத ஒரு பயணத்தைச் செய்கிறார்கள். எந்தச் சமயத்து ஓட்டுநராயினும் அங்கே நிறுத்தாமல் செல்வது அரிது. சாலை திறந்திருப்பதை இயல்பாகவே கொண்ட நாட்டினருக்கு இப்பயணத்தின் அருமை புலப்படாமற் போவதில் வியப்பில்லை.

கண்டியிலிருந்து மேலே செல்லும் வீதியே இச்சுற்றின் மிகச் சிறந்த பகுதி. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. ஏறத்தாழ 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ரம்பொடை அருவியைக் கடந்ததும் வீதி வளைந்து வளைந்து தேயிலைக்குள் நுழைகிறது. லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, அங்கேயே தேநீர் அருந்திச் செல்வது பயணத்தின் கட்டாயப் பகுதி போல் ஆகிவிட்டது. நீலகிரியிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் செங்குத்தான சாலையில் 36 வளைவுகளும் உள்ளன. யானை உலவும் முதுமலைக் காட்டின் ஊடாகச் செல்லும் அனுபவத்துக்கு ஈடான ஒன்று ரம்பொடை வீதியில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் மூடப்படுவதும், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியிருப்பதும் அங்கு வழிப்பயணத்தின் தன்னிச்சையைக் குறைத்துவிட்டன. காட்டையும் மலையையும் காக்க எடுத்த அந்நடவடிக்கைகள் முறையானவை. நுவரெலியாவின் ஏப்ரல் நெரிசலைப் பார்க்கும்போது இலங்கையும் அவற்றை விரைவில் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும்.

ரம்பொடை வளைவுகளில் பூச்செண்டு விற்கும் சிறுவர்களைப் பற்றிப் பயணக்குறிப்புகள் வியந்து எழுதுவதுண்டு. ஒரு வளைவில் பூ நீட்டிய சிறுவன், வாகனம் சுற்றிவருவதற்குள் குறுக்குப்பாதையில் ஓடி அடுத்த வளைவிலும் அதே பூவோடு நிற்பான். புதுமணத் தம்பதியருக்கு இது இனிய காட்சியாகத் தோன்றலாம். அச்சிறுவர்களிற் பலர், 1823 முதல் இருநூறு ஆண்டுகளாக முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்த மலையகத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதும், அவர்கள் அந்நேரத்தில் இருக்க வேண்டிய இடம் பாடசாலை என்பதும் தேனிலவு விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. வீதியின் அழகைப் புகழும் எவரும் இதையும் சேர்த்தே பார்க்கக் கடமைப்பட்டவர்.

இரு நாட்டு மலைகளும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடுவது இந்த மலையகத் தமிழரிடத்திலேயே. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பலருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; அதுவே பின்னர் ‘டான்டீ’ என்று பெயர் பெற்றது. தாயகம் திரும்பியோர் என்று அங்கே அழைக்கப்படும் இம்மக்களின் வீடுகள் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் உள்ளன. ஊட்டிக்குச் செல்லும் இலங்கைத் தம்பதியர் அங்கே காணும் தேயிலைச் சரிவில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பிறந்தவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. நுவரெலியாவை ஊட்டியோடு ஒப்பிட்டுச் சிறிதென்று சொல்வதைவிட, அவ்விரு மலைகளுக்கும் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள் ஒரே மக்கள் என்று அறிவது பயனுடையது.

ரயிலைப் பொறுத்தவரை இந்தியாவின் பெருமை நன்கு அறியப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீற்றர் நீலகிரி மலை ரயில், செங்குத்தான பகுதியில் பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதாலும் அதன் பழமையாலும் 2005 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இலங்கையின் மலைநாட்டுப் பாதைக்கு அப்பட்டம் இல்லை. ஆனால் அது அகலப் பாதையாகவே, பற்சட்டம் ஏதுமின்றி, பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரம் வரை ஏறுகிறது. இலங்கையில் தேனிலவு செல்வோர் இந்த ரயிலையும் வீதிப் பயணத்தையும் இணைக்கும் முறை தனித்துவமானது. நானுஓயாவில் மணமக்களை ரயிலில் ஏற்றிவிட்டு, ஓட்டுநர் வெலிமடை வழியாக வாகனத்தைத் தனியே ஓட்டிச் சென்று எல்ல நிலையத்தில் காத்திருப்பார். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தபின், இராவண எல்ல அருவியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குவர். காலையில் கம்பளிச் சட்டை அணிந்திருந்தவர்கள் நண்பகலில் வெப்பச் சமவெளியில் இளநீர் அருந்துவர். தெற்குச் சமவெளியில் வீதியோரக் கடைகளில் மண்சட்டியில் விற்கப்படும் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் எந்த ஏற்பாட்டிலும் சேராத, எவரும் தவறவிடக்கூடாத உணவு.

பயணத்தின் திசையை முடிவு செய்வது முகூர்த்த மாதம். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் செய்யாத வழக்கம் இரு கரைத் தமிழரிடமும் உண்டு. தையில் மணமுடித்தவர் ஊட்டி சென்றால் உறைபனி படியும் அதிகாலையையும், வைகாசியில் சென்றால் மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டத்தையும் எதிர்கொள்வர். இரண்டிலும் சேரிடம் ஒன்றே, தட்பவெப்பம் மட்டுமே வேறு. இலங்கையில் மாதத்தோடு வழியும் மாறுகிறது. தை, மாசியில் மணமானோர் எல்லவிலிருந்து தெற்கே இறங்கித் தங்காலை, மிரிசை, காலி வழியாக மேற்குக் கரையில் மேலேறலாம். அப்போது அக்கடல் அமைதியாக இருக்கும். வைகாசி, ஆனி, ஆவணியில் தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலைக் கலக்கும்போது, கிழக்குக் கடல் தெளிந்து கிடக்கும். அம்மாதங்களில் மலையில் ஓரிரு இரவுகள் தங்கி, அதே ஏ5 வீதியைப் பிடித்துப் பதுளை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கினால், பாசிக்குடாவின் ஆழமற்ற கடலுக்கு அங்கிருந்து நெடுந்தூரம் இல்லை. பாசிக்குடாவிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 வீதியில் முன்பு வாகனங்கள் பல இடங்களில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதோடு அந்நிலை மாறியது. கோணேசரை வணங்கி, நிலாவெளியில் தங்கி, ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவில் ஏ9 வீதியில் ஏறும் யாழ்ப்பாணத் தம்பதியர், புறப்பட்ட வழியில் பாதியைக்கூடத் திரும்ப மிதிக்காமல் தீவின் கிழக்குப் பாதியைச் சுற்றிவிடுகிறார்கள். சென்னையில் விற்கப்படும் ஐந்து நாள் இலங்கை ஏற்பாடுகளில் இந்தக் கிழக்கு வழி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தமிழில் பேசியே பெரும்பகுதியைக் கடக்கக்கூடிய வழி அதுவாக இருந்தும்.