விவரக்கூற்றின் மொழியும் லயத்தின் சுவரும்: ஊவாப் பெருந்தோட்ட வீடமைப்பை முன்வைத்து

கவிதை, புனைகதை, நாடகம் ஆகியன மட்டுமே இலக்கியத் திறனாய்வுக்கு உரியவை என்னும் கருத்து நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் வலுவாகவே நிலவுகின்றது. ஆயின் ஒரு சமூகத்தில் எழுத்து என்னென்ன பணிகளைச் செய்கின்றது என ஆராயப் புகுவோர், மனிதரின் அன்றாட வாழ்வை நேரடியாக ஆளும் எழுத்துகளைப் புறக்கணித்தல் இயலாது. மலையகத்தின் வரலாறே இதற்குச் சான்று. தொழிலாளியின் நாளைக் கணக்கிட்டது செக்ரோல். அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதைத் தீர்மானித்தது, 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட துண்டு. இவை எவராலும் இலக்கியமாகப் படிக்கப்பட்டவையல்ல. எனினும் மலையகத்தில் எக்கவிதையிலும் பார்க்க வலிமையோடு செயற்பட்ட பனுவல்கள் இவையே. இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்க மற்றொன்று கட்டட வேலைக்கான விவரக்கூற்று. ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களின் வீடமைப்பை முன்வைத்து அதன் மொழியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கட்டட ஒப்பந்தம் பொதுவாக மூவகை ஆவணங்களால் ஆனது. வடிவையும் பரிமாணத்தையும் வரைபடம் கூறும். எவ்வளவு என்பதை அளவுப்பட்டியல் கூறும். எத்தகைய பொருள், எவ்விதமான வேலை, எச்சோதனையால் அது ஏற்கப்படும் என்பவற்றை விவரக்கூற்று கூறும். முன்னிரண்டும் கோட்டாலும் எண்ணாலும் பேசுவன. மூன்றாவது வாக்கியத்தால் பேசுவது. வரைபடத்தில் ஒரு சுவர் இரு கோடுகளாகத் தோன்றும். அக்கோடுகளுக்கிடையே உள்ள கல் எத்தகையது, சாந்தில் சீமெந்தும் மணலும் எவ்வீதத்திற் கலக்கப்பட வேண்டும், கட்டிய சுவருக்கு எத்தனை நாள் நீர் ஊற்ற வேண்டும் என்பனவெல்லாம் சொல்லின் பொறுப்பு. ஆதலால் கட்டடத்துறையில் மொழி பழுதுபட்டால் சுவரும் பழுதுபடும். சீமெந்துச் சாந்து வெறுமனே உலர்வதால் இறுகுவதன்று. நீரோடு வினைபுரிவதால் இறுகுவது. “போதியளவு நீரூற்றுக” என எழுதுமிடத்து, போதியளவு யாது என்பதைத் தீர்மானிப்பது மேசனின் அவசரமாகவோ ஒப்பந்தகாரரின் செலவுக் கணக்காகவோ அமைந்துவிடும். “ஏழு நாள் தொடர்ந்து ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்” என எழுதினால் எட்டாம் நாள் எவரும் கேள்வி கேட்கலாம்.

தெளிவான விவரக்கூற்றினாலேயே நல்ல வீடு கிடைத்துவிடும் எனக் கருதுவதும் தவறாகும். லய அறையை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என வழக்கமாகக் குறிக்கப்படும் காம்பரா, முன்னே ஒரு இஸ்தோப்பு, தகரக் கூரை, அடுத்த குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் இடைச்சுவர், இரட்டை லயமாயின் பின்புறத்திலும் மற்றொரு குடும்பம். இவ்வமைப்பில் மயக்கம் எதுவும் இல்லை. அளவு உண்டு; பொருள் உண்டு; எண்ணிக்கை உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் பிசகின்றித் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டமையே அதன் தெளிவுக்குப் போதிய ஆதாரம். அத்தெளிவு உழைப்புச் சக்தியை மறுநாட் காலைவரை குறைந்த செலவில் பேணி வைத்தல் என்னும் நோக்கின் தெளிவாகும். மனிதன் அங்கே களஞ்சியத்தில் வைக்கப்படும் பொருளுக்கு ஒப்பவே அளக்கப்பட்டான்.

இது குடியேற்ற நாட்டுக்கு மட்டும் உரிய நிலைமையன்று. 1845இல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ என்னும் நூலில் ஏங்கெல்ஸ் மஞ்செஸ்ரரின் முதுகொட்டிய வீடுகளை விவரிக்கின்றார். அங்கு சுவர்கள் அரைச் செங்கல் தடிப்புவரை மெலிந்திருந்தமைக்கு அவர் காட்டும் காரணங்களுள் நிலக்குத்தகை முதன்மையானது. குத்தகைக் காலம் முடிந்ததும் கட்டடம் நிலவுடைமையாளருக்குச் சேருமாதலின், அக்காலத்துக்கு மேல் நிற்கும் சுவரை எழுப்புவதில் கட்டுவோருக்கு இலாபமில்லை. சுவரின் தடிப்பைச் சொத்துறவு நிர்ணயித்தது என்பதே இதன் பொருள். ஊவாவிலும் இது சிந்திக்கத்தக்கது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது; காணி 53 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டது. அரசுக்கு உடைமையும் கம்பனிக்குக் குத்தகையும் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவருக்கு இரண்டும் இருக்கவில்லை. ஒழுகும் கூரையைத் திருத்துவது எவர் கடமை என்னும் வினாவுக்குத் தோட்டங்களில் தெளிவான விடை கிடைக்காமைக்கு இவ்வுறவே அடிப்படையாகும்.

மலையகப் புனைகதை இந்நிலைமையைத் தனக்குரிய முறையிற் பதிவு செய்துள்ளது. பதுளைப் பகுதித் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடைபடுவதால் மனித உறவுகளுக்கு நேரும் அவலத்தைப் பேசும் சிறுகதை. சி. வி. வேலுப்பிள்ளையின் ஒரு நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்பதே பெயர். இவற்றை ‘யதார்த்தச் சித்திரிப்பு’ எனப் பாராட்டுவதோடு நம் விமரிசனம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. கதையிலே அவலமாக வெளிப்படுவது, அதற்கு முன்பே வேறொரு பனுவலில் அடிக்கணக்காக எழுதப்பட்டிருந்தது என்பதை அது காண்பதில்லை. புனைகதையையும் விவரக்கூற்றையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் காரணமும் விளைவும் ஒருங்கே புலனாகும்.

அண்மைக் காலத்தில் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்ட தனி வீடுகள் இந்திய உதவித் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் மலையகத்திற் கட்டப்பட்டு வருகின்றன. லயத்தைவிட இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் லயத்தின் விவரக்கூற்றில் எசமானனுக்கு இருந்த தெளிவு, புதிய வீட்டின் விவரக்கூற்றில் அதில் வாழப்போகும் குடும்பத்துக்கு உண்டா என்பதே நம் வினா.

பொதுவாக இவ்வகை ஆவணங்களிற் காணப்படும் சொற்றொடர்களை நோக்குக: “நல்ல தரமான மணல்”, “தேவையான இடங்களில் வடிகால் அமைக்கப்படும்”, “அல்லது அதற்கு நிகரான பொருள்”, “பொறியியலாளரின் திருப்திக்கேற்ப”. இவற்றின் இலக்கணமே இவற்றின் அரசியலும் ஆகும். ‘நல்ல’ என்னும் அடை அளவற்றது. மண்ணும் தும்பும் உப்பும் அற்றது, இன்ன துளையுடைய அரிதட்டில் அரித்தது எனக் கூறும்போதுதான் மணலின் நன்மை எவரும் சோதிக்கத்தக்க பண்பாகின்றது. ‘அமைக்கப்படும்’ என்னும் செயப்பாட்டு வினை எழுவாயை மறைக்கின்றது. அமைப்பவர் யார், எந்நாளுக்குள், அமைக்காவிடின் நேர்வதென்ன என்பன வாக்கியத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ‘நிகரான’ என்பதற்கு எப்பண்பில் நிகர் என்பது கூறப்படாவிடின் மலிவானது எதுவும் நிகராகிவிடும். ‘திருப்தி’யோ ஓர் உளநிலை. திருப்தியடைய வேண்டியவர் அவ்வீட்டில் ஒரு மழைக்காலத்தையேனும் கழிக்கப்போகின்றவரல்லர்.

இத்தகைய வாக்கியங்களைத் திருத்துவதற்குச் சில நெறிகள் போதும். ஒரு வாக்கியம் ஒரு கடமையையே கூறல் வேண்டும். கடமைக்குரியவர் எழுவாயாக நிற்றல் வேண்டும். அளவும் காலமும் சோதனையும் உடன் வருதல் வேண்டும். ஒரே கட்டளையை ஈரிடத்திற் சொல்லலாகாது. வரைபடத்தில் ஓர் அளவும் விவரக்கூற்றில் வேறோர் அளவும் இருப்பின் ஒப்பந்தகாரர் மலிவானதையே தெரிவர். சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107 போன்ற இலங்கைக் கட்டளை உள்ளவிடத்து அதனைச் சுட்டினாற் போதும். அதன் பண்புகளை அரைகுறையாக மீண்டும் எழுதுவது குழப்பத்தையே தரும். செய்முறையையும் விளைவையும் முரண்பட விதித்தலும் ஆகாது. இன்ன முறையிற் செய்க என முழுமையாக விதித்தபின், அம்முறையால் எய்த முடியாத விளைவுக்கு ஒப்பந்தகாரரைப் பொறுப்பாக்குதல் வழக்குக்கே வழிவகுக்கும்.

“தேவையான இடங்களில் வடிகால்” என்பதை மீள எழுதிப் பார்ப்போம்: “வீட்டின் பின்புறத்தில் வெட்டப்பட்ட மண்மேட்டின் அடியில், வரைபடத்திற் காட்டிய அகலத்திலும் ஆழத்திலும் சாய்விலும், ஒப்பந்தகாரர் சீமெந்துக் கான் அமைத்தல் வேண்டும். கானின் நீர் அடுத்த வீட்டின் அத்திவாரத்துக்குச் செல்லாது, குறிக்கப்பட்ட ஓடையில் விடப்படல் வேண்டும். சுவர் வேலை தொடங்குமுன் இது நிறைவுற்றிருத்தல் வேண்டும். கானில் நீர் ஊற்றி, எங்கும் தேங்காமையைக் குடியிருப்பாளர் முன்னிலையிற் காட்டல் வேண்டும்.” இதில் அரிய கலைச்சொல் ஒன்றும் இல்லை. கான் வெட்டுதல் எத்தகையது என்பதைத் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதுமில்லை.

கானை உதாரணமாகக் கொண்டமைக்குக் காரணமுண்டு. பதுளை மாவட்டத்தின் பெருமழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களிற் பெய்வது. அப்போது மண்ணின் துளைகளில் நீர் நிரம்பி அமுக்கம் கூடும். மண்துகள்களைப் பிணைக்கும் உராய்வு குறையும். சரிவின் அடியை வெட்டி வீட்டுத்தளம் சமைத்த இடங்கள் வலுவிழக்கும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மாற்றுக் காணியை வழங்குவோர் யார், எந்நாளுக்குள், எவர் செலவில் என்பதே செயலாக மாறவில்லை. பேரழிவின் பின்னரும் பொறுப்பு எவருடையது என்பது வாதத்துக்குரியதாகவே இருந்தது. எழுவாயற்ற வாக்கியத்தின் விலை உயிர்களால் அளக்கப்பட்ட இடம் மீரியபெத்தை. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் கடுஞ்சரிவுகளுக்கு உள்ளானமை, இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை என்பதைக் காட்டும்.

மொழி பற்றிய மற்றொரு சிக்கலும் உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழை ஆட்சிமொழியுமாக்கியது. ஆயினும் இந்நாட்டில் கட்டட விவரக்கூற்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வாழ்கின்றன. பொறியியலாளரிடமிருந்து ஒப்பந்தகாரருக்கும், அவரிடமிருந்து உப ஒப்பந்தகாரருக்கும், இறுதியில் மேசனுக்கும் அது வாய்மொழியாக இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஏதேனும் உதிர்கின்றது. முரண் யாதெனின், பண்டாரவளையிலிருந்தும் பசறையிலிருந்தும் சென்று கொழும்பின் மாடிக் கட்டடங்களில் வேலை செய்யும் இளைஞர் மலையகத்திற் பலர். சாந்தின் வீதத்தையும் கொங்கிறீற்றின் பதத்தையும் கையால் அறிந்தவர்கள் அவர்கள். தம் பெற்றோரின் வீட்டு விவரக்கூற்றை வாசிக்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு இல்லை.

விவரக்கூற்று மறைவாகவே இருக்க வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் நியதியா? வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. இத்தாலியின் புத்தெயோலி நகரில் கி.மு. 105இல் ஒரு சுவர் வேலைக்கு வகுக்கப்பட்ட ஒப்பந்தம், கல்லிற் பொறித்த வடிவில் நமக்குக் கிடைத்துள்ளது. சுவரின் அளவும், மரத்தின் இனமும், சாந்தில் நான்கிலொரு பங்கு நீறிய சுண்ணாம்பு என்னும் வீதமும் அதிற் கூறப்பட்டுள்ளன. வேலையை ஏற்போர், இருபதுக்குக் குறையாத உறுப்பினர் கூடிய நகர அவையினர். கூலியின் மறுபாதி அவர்கள் ஏற்ற பின்னரே வழங்கப்படும். அவ்வவையினர் அடிமைகளை உடைய செல்வந்தர் என்பதை மறத்தலாகாது. அங்கும் சுவர் எழுப்பியவன் அவையில் இருக்கவில்லை. ஆயினும் அளவு, சோதனை, ஏற்போர், பணம் ஆகிய நான்கையும் ஒரே எழுத்திற் பிணைத்து ஊர் காண வைத்தல் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இயன்றிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு நம் முகாமிலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். 1872இல் எழுதிய ‘வீட்டுப் பிரச்சினை’யில் ஏங்கெல்ஸ், முதலாளித்துவ உற்பத்தி முறையை அவ்வாறே விட்டுவைத்து வீட்டுப் பிரச்சினையைத் தனியே தீர்த்துவிடலாம் என நம்பிய சீர்திருத்தவாதிகளைக் கண்டித்தார். காணியுரிமையும் வாழ்வுக்குப் போதிய கூலியும் இல்லாதவிடத்து வாக்கியத்தைத் திருத்துவதால் யாது பயன் எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விவரக்கூற்றின் தெளிவு காணியுறுதிக்கு மாற்றாகாது. ஆயின் அவ்வாதத்தைக் காட்டி, இன்று எழுப்பப்படும் சுவரைக் கண்காணிக்கும் உரிமையைக் கைவிடுதல் புரட்சிகரமானதன்று. தொழிலாளி வேலைநேரத்தைக் கடிகாரத்தால் அளக்கக் கற்றதைப் போலவே, தன் சுவரை விவரக்கூற்றால் அளக்கக் கற்பதும் வர்க்க அனுபவமேயாகும். எழுத்தை எசமானனின் கருவியாக மட்டும் கண்டு வந்தவர்கள், அதனைக் கொண்டே எசமானனைக் கணக்குக் கேட்கும் நிலைக்கு உயர்வது அற்ப மாற்றமன்று.

ஆகவே ஊவாவின் தொழிற்சங்கங்களும் முற்போக்கு அமைப்புகளும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் சில உள. காணியுறுதி குடும்பத்தின் பெயரில் வேலை தொடங்குமுன் வழங்கப்படல் வேண்டும். விவரக்கூற்று தமிழில் எழுதப்பட்டு, வேலைத்தலத்தில் எவரும் படிக்குமாறு வைக்கப்படல் வேண்டும். சோதனைகளின் முடிவை அங்கீகரிப்போருள் குடியிருப்பாளர் குழு ஒப்பந்தத்திலேயே பெயரிடப்பட்டு, அதன் ஒப்பமின்றி இறுதிக் கொடுப்பனவு விடுவிக்கப்படாதிருத்தல் வேண்டும். தமிழ்த்துறைகளுக்கும் இதிற் பங்குண்டு. பொறியியற் பீடத்தாரோடும் மேசன்மாரோடும் அமர்ந்து, கான், சாந்து, அத்திவாரம், பீலி என மக்கள் வழங்கும் சொற்களிலேயே ஒரு மாதிரி விவரக்கூற்றை ஆக்கித் தருதல் நம் பணியாகும். அகராதியில் மட்டும் உறங்கும் கலைச்சொற்களைப் பெருக்குவதிலும் பார்க்க, அடுத்த ஒக்டோபர் மழைக்குமுன் ஒரு தோட்டத்திலேனும் ஒரு கானின் ஆழத்தை அங்கு வாழ்வோர் தாமே அளந்து பார்க்கத் துணைபுரியும் தமிழ் உரைநடை இன்று அவசரத் தேவையாகின்றது.