பொய்க்காயமும் மெய்த்துணிவும்: ஸ்டீஃபன் கிரேனின் போர் நாவலை முன்வைத்து

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. ஸ்டீஃபன் கிரேன் பிறந்தது 1871இல். போர்க்களம் எதையும் நேரில் காணாத நிலையில் அவர் எழுதி, 1895இல் நூலாக வெளிவந்த 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்', ஹென்றி ஃபிளெமிங் என்னும் இளம் படைவீரன் அச்சத்திலிருந்து துணிவுக்கு வளரும் கதையாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வருகிறது. இவ்வாசிப்பு முற்றிலும் பிழையன்று. எனினும் நாவலின் நடுவே உள்ள காயத்திற்கு அது உரிய இடத்தைத் தரவில்லை.

முதல் தாக்குதலில் நின்று சுடும் ஹென்றி, இரண்டாம் தாக்குதலில் ஓடிவிடுகிறான். தப்பி வந்த பிறகே, எஞ்சி நின்றோர் களத்தைக் காத்துவிட்டனர் என்பது தெரியவருகிறது. காயமுற்றோர் வரிசையில் கலந்து நடக்கையில் தனக்கும் ஒரு காயம் வாய்க்காதா என ஏங்குகிறான். வாய்க்கிறது, ஆனால் பகைவரால் அன்று. பின்வாங்கி ஓடிவரும் தன் தரப்பு வீரன் ஒருவனை மறித்து வினவ, அவன் துப்பாக்கியால் தலையில் அடித்துவிட்டு ஓடுகிறான். இரவில் படைப்பிரிவுக்குத் திரும்பும் ஹென்றி, குண்டடி பட்டதாகப் பொய்யுரைக்கிறான். காயத்தைச் சோதிக்கும் கார்ப்பரல், குண்டு உரசியதாகவே முடிவுசெய்து, யாரோ தடியால் அடித்தாற்போல் வீங்கியிருக்கிறதே என வியக்கிறார். உண்மை அங்கே உவமையாக மட்டும் தலைகாட்டி மறைகிறது. கிரேனின் அங்கத நுட்பத்திற்கு இவ்வோரிடமே போதிய சான்று.

நூல் தலைப்பிலுள்ள 'சிவப்புச் சின்னம்' என்பதை 'விழுப்புண்' எனத் தமிழாக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் முகத்திலும் மார்பிலும் பகைவரால் ஏற்ற புண்ணைக் குறிக்கும் அச்சொல், இவ்வங்கதத்தை அழித்துவிடும்.

மறுநாள் ஹென்றி கொடியேந்திப் போரிடுகிறான். மேலதிகாரிகளின் பாராட்டையும் பெறுகிறான். அத்துணிவு நடிப்பன்று. ஆயினும் ஓடியதை எவரும் காணவில்லை என்னும் நிம்மதியிலிருந்தே அது எழுகிறது. போருக்கு முன் அழுதபடி கடிதக்கட்டை ஒப்படைத்த நண்பன் வில்சன் அதைத் திரும்பக் கேட்கும்போது, ஹென்றி கொள்ளும் மேட்டிமையுணர்வு இதனைத் தெளிவாக்குகிறது. பிறன் வெளிப்படுத்திய அச்சம் இவனுக்கு ஆயுதமாகிறது.

இக்கணக்கில் அடங்காதவர் ஒருவர் உண்டு. கந்தலாடை அணிந்த, இருமுறை சுடப்பட்ட அவ்வீரர், உனக்கு எங்கே காயம் என்று பரிவோடுதான் கேட்கிறார். விடைகூற இயலாத ஹென்றி, நினைவு தடுமாறும் அவரை வயலில் கைவிட்டு அகல்கிறான். வெற்றிக்களிப்பின் நடுவே இறுதி அத்தியாயத்தில் அவனைத் துன்புறுத்துவது, ஓடியதைவிடவும் இக்கைவிடலே. அவர் என்னவானார் என்பதைக் கிரேன் சொல்லவில்லை.

கையெழுத்துப்படியிலிருந்து நீக்கப்பட்ட பகுதிகளை மீட்டு ஹென்றி பைண்டர் 1982இல் வெளியிட்ட பதிப்பு, நாவலின் முடிவு அங்கதமா, உண்மையான முதிர்ச்சியா என்னும் விவாதத்தைக் கூர்மையாக்கியது. ஆனால் அச்சிட்ட பாடத்தில் உள்ள காயமும் கந்தலாடை மனிதருமே அம்முதிர்ச்சியை ஐயுறப் போதுமானவை.

1896இல் வெளியான 'தி வெட்டரன்' சிறுகதையில் ஹென்றி முதியவர். சான்சலர்ஸ்வில் போரில் தாம் அஞ்சி ஓடியதை ஊரார் முன்னிலையில் சிரித்தபடி ஒப்புக்கொள்கிறார். கேட்டிருக்கும் பேரன் திகைக்கிறான். பின்னர், தீப்பற்றிய தொழுவத்தில் சிக்கிய குதிரைக்குட்டிகளை மீட்க நுழைந்து இறக்கிறார். அச்சத்தை மறைக்காத துணிவு இங்கேதான் அவருக்குக் கைகூடுகிறது. ஆனால் ஓடியதைச் சொல்லும் அம்முதியவர், தலையில் பட்ட அடியைப் பற்றியோ வயலில் விட்டுவந்த மனிதரைப் பற்றியோ அப்போதும் வாய்திறப்பதில்லை.