ஊர்ப் பெயர், அப்பன் பெயர், மிட்டாய்ப் பெயர்

கொலராடோவில் ஸ்டான்லி சகோதரர்கள் வளர்த்த ஒரு கஞ்சா ரகத்துக்கு முதலில் வழங்கிய பெயர் 'ஹிப்பீஸ் டிசப்பாயிண்ட்மெண்ட்'. அதாவது, ஹிப்பிக்கு ஏமாற்றம். போதையேற்றும் டிஎச்சி அதில் பேருக்குத்தான் இருந்தது. போதை தராத சிபிடிதான் மிகுதி. புகைக்கிறவன் காசு கொடுத்து வாங்க மாட்டான். பிறகு, டிராவே நோய்க்குறி என்னும் கடுமையான வலிப்பு நோயோடு போராடிய சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு அதன் எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது என்றார்கள் பெற்றோர். 2013-இல் சிஎன்என் ஆவணப்படம் அவளை ஊரறியச் செய்தது. செடி 'சார்லட்ஸ் வெப்' ஆயிற்று. புகழ்பெற்ற சிறுவர் கதை ஒன்றின் தலைப்பும் அதுவே. செடி அதே செடிதான். வாங்குகிறவர் மாறினார், பெயரும் மாறியது.

கஞ்சா ரகப் பெயர்கள்மீது எனக்குள்ள மதிப்பும் மனக்குறையும் இந்த ஒரு கதைக்குள் அடங்கிவிடும்.

பழைய பெயர்கள் பெரும்பாலும் முகவரிகள். அகபுல்கோ கோல்டு, பனாமா ரெட், மலாவி கோல்டு, டர்பன் பாய்சன், இந்து குஷ். ஊரோடு நிறமோ குணமோ சேர்ந்தால் பெயர் தயார். மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா என்று நாம் சொல்வதுபோலத்தான். பக்கத்து வீட்டிலேயே இடுக்கி கோல்டு இருக்கிறது. 2013-இல் ஆஷிக் அபு அந்தப் பெயரிலேயே மலையாளப் படம் எடுத்தார். இந்தியாவின் பழைய வழக்கு வேறொரு கேள்வியையும் கேட்டது: செடியின் எந்தப் பாகம்? இலை என்றால் பாங்கு, பெண் செடியின் பூங்கொத்து என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இன்றும் அந்தப் பிரிவினைதான் நிற்கிறது. பூக்கும் காய்க்கும் நுனிகள் கஞ்சா. அவற்றோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே.

முகவரிப் பெயர்களைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இது சட்டம் துரத்திய பயிர். விதைச் சான்று கிடையாது, பதிவேடு கிடையாது. எதை எதோடு கலப்பினம் செய்தேன் என்று எழுதி வைத்தால் அதுவே போலீசுக்குச் சாட்சியாகிவிடும். ஏடு இல்லாத இடத்தில் பெயரே ஏடு. 1970-களில் கலிபோர்னியாவில் ஆப்கானியச் செடியையும் அகபுல்கோ கோல்டையும் கொலம்பியன் கோல்டையும் கலந்து 'ஸ்கங்க் நம்பர் 1' உண்டாக்கினார்கள். 80-களில் அது நெதர்லாந்துக்குப் போனது. இவ்வளவு வரலாறு வாய்வழியாகப் பிழைத்ததே பெற்றோர் ரகங்களுக்குச் சொல்லக்கூடிய பெயர்கள் இருந்ததால்தான்.

ஸ்கங்க் என்பது வாலைத் தூக்கி நாற்றம் பீய்ச்சும் அமெரிக்க விலங்கு. அந்தப் பெயரும், எரிபொருள் வாடையைச் சொல்லும் 'சவர் டீசல்', இங்கிலாந்திலிருந்து வந்த 'சீஸ்' ஆகியவையும் என் கணக்கில் மிக நேர்மையானவை. மூக்கை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பொய்யென்றால் சாடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். 'ஓஜி குஷ்' அப்படியல்ல. ஓஜி என்றால் 'ஓஷன் குரோன்', கடலோரம் விளைந்தது என்கிறது ஒரு கட்சி; 'ஒரிஜினல் கேங்ஸ்டர்', அசல் தாதா என்கிறது இன்னொரு கட்சி. வழக்கு தீர்ந்தபாடில்லை.

அடுத்து வந்தது இனிஷியல் போடும் காலம். 'புளூபெர்ரி'யும் 'ஹேஸ்'ஸும் சேர்ந்தால் 'புளூ டிரீம்'. பெயரைப் பார்த்துப் பாதி வம்சத்தை ஊகிக்கலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மல்கோவா தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் நட்டவர்களுக்குத் தெரியும், வருவது மல்கோவாவாக இருக்காது. ஒட்டுக்கன்று மட்டுமே தாய் மரத்தின் நகல். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் மகரந்தம் பறக்கும். கிளையை வெட்டி நட்டால் அதே செடி, விதை போட்டால் அண்ணன் தம்பி. கடைச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

விளைவை ஆய்வுகள் காட்டிவிட்டன. 2015-இல் கனடிய ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, 17 ஒப்பீடுகளில் 6-இல், ஒரே பெயர் கொண்ட மாதிரியைவிட வேறு பெயர் கொண்ட மாதிரிதான் நெருங்கிய உறவாக இருந்தது. 2019-இல் வடக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தார் 30 ரகங்களின் 122 மாதிரிகளைச் சோதித்தார்கள். 27 ரகங்களில் குறைந்தது ஒரு மாதிரியாவது கூட்டத்தோடு ஒட்டவில்லை.

எங்கள் தெரு அரிசிக் கடையிலும் நாலு விலையில் நாலு பொன்னி இருக்கிறது. கஞ்சாவுக்கு மட்டும் ஏன் கூச்சல் என்று கேட்கலாம். வெள்ளைப் பொன்னி 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மூல விதை இருக்கிறது. புளூ டிரீமுக்கு அப்படிப் போய்ப் பார்க்க எந்த வாசலும் இல்லை. பெயரைக் கட்டிப்போடக் கட்டுத்தறி இல்லாததுதான் கோளாறு. வைத்தவர்களின் கற்பனை அல்ல.

கட்டுத்தறி இல்லாத பெயர் கடைசியில் மிட்டாய்க் கடையில் போய் மேய்ந்தது. கேர்ள் ஸ்கவுட் குக்கீஸ், ஜெலாட்டோ, வெட்டிங் கேக், ஸ்கிட்டில்ஸ் மிட்டாயை நினைவூட்டும் 'ஜ்கிட்டில்ஸ்'. கத்தரிக்கோலில் பசையாக ஒட்டியதால் ஒன்றுக்கு 'கொரில்லா குளூ' என்று பெயர் வைத்தார்களாம். உண்மையான பசை நிறுவனம் 2017-இல் வழக்குப் போட்டது, செடி 'ஜிஜி4' என்று சுருங்கியது. 2021-இல் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய் நிறுவனமான ரிக்லியும் நீதிமன்றம் போனது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மத்தியச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்திருப்பதால் அந்தச் சரக்குக்கு மத்திய வணிகமுத்திரையே கிடைக்காது. தன் பெயரைக் காக்க வழியில்லாத தொழில் அடுத்தவர் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு மேசையில் கிடக்கும் பொட்டலத்தில் மிட்டாய்ப் பெயர் இருந்தால் குழந்தை அதை மிட்டாயாகத்தானே படிக்கும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் கடைச் சீட்டின் இரண்டாவது வரியில்: இண்டிகா, சட்டைவா. முன்னது தூக்கம், பின்னது சுறுசுறுப்பு என்று கடைக்காரர் ஒப்பிப்பார். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் 'சட்டைவா' என்று எழுதியது ஐரோப்பிய நார்ப் பயிரை மனத்தில் வைத்து. 1785-இல் இன்னொரு தாவரவியலாளர் லமார்க் 'இண்டிகா' என்றது இந்தியாவிலிருந்து சொனெரா என்பவர் கொண்டுபோன, ஒடுங்கிய இலைச் செடியை. இன்று வணிகம் 'இண்டிகா' என்று விற்பதோ ஆப்கான் மலைகளின் குட்டையான அகன்ற இலைச் செடியின் வழிவந்தது. ஆக, இந்தியச் செடி என்று பெயர் வாங்கிய செடியின் உறவான கேரளத்துச் செடி, விதைப் பட்டியலில் 'சட்டைவா'வாக நிற்கிறது! 2022-இல் ஆறு அமெரிக்க மாநிலங்களின் ஏறத்தாழ 90,000 மாதிரிகளை அலசியபோதும் இந்த அடைமொழிகள் உள்ளிருக்கும் வேதிப்பொருளோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை.

சார்லட் 2020 ஏப்ரலில், 13 வயதில் இறந்துபோனாள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அவளுக்கு இருந்த அதே நோய்க்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு கஞ்சா மருந்தை முதன்முறையாக அனுமதித்திருந்தது. எபிடியோலெக்ஸ். அந்தக் குப்பியில் ரகத்தின் பெயர் இல்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சிபிடி என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது.